பிறகு வருத்தப்படாமல் உடுத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது. 1977க்குப் பிறகு, இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி கடைகளில் நிறையத் தொடங்கிய காலம். பெல்பொட்டம், தோள் வரை விரிந்த கொலர். வருகிறவர்கள் சிரித்தால் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்; படத்தைக் கழற்ற மட்டும் விடமாட்டார். முதல் சம்பளத்தில் ஆசையாகத் தைத்தது.

என் பழைய படத்தில் இடுப்புக்குக் கீழே நிற்கும் டெனிம் ஒன்று உண்டு. கூடப் படித்தவர்கள் போட்டார்கள் என்று வாங்கி, நாள் முழுக்க மேலே இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தேன். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. சரி, வேலையைத் தொடங்குவோம்.

1. துணிக்கொடியைப் பாருங்கள்

இரண்டு வாரம் எதுவும் வாங்காதீர்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழையில் துணி லேசில் காயாது. அப்படியும் எந்தச் சட்டையை அடுப்படியில் தொங்கவிட்டு உலர்த்திப் போட்டுக்கொள்கிறீர்கள்? அதன் நிறம், கழுத்து, கைநீளத்தைக் கொப்பியில் எழுதுங்கள். நான்கைந்து சேர்ந்ததும் உங்கள் பாணி ஓரளவு பிடிபடும்.

2. ஏறி இறங்கிப் பாருங்கள்

காலையில் குளிர், மதியம் வெயில், மூன்று மணிக்கு மழை. ஒரே தடித்த உடுப்பைவிட, கழற்றக்கூடிய இரண்டு மெல்லியவை மேல். நிலத்தில் புரளும் பாவாடை தோட்டத்து லய வீட்டுப் படிகளில் சேறுதான் அள்ளும். (பாணி டவுனில்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தலைத்துண்டு கட்டியிருக்கும் விதத்தை வைத்தே, எதிர்மலையில் கொழுந்தெடுப்பது எந்த அக்கா என்று அம்மா சொல்லிவிடுவார்.)

3. பேல் பஜாரில் ஒன்றே ஒன்று

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; குளிருடுப்புக்குப் பஞ்சமில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவையும் அங்குள்ள பேல் பஜார் என்ற துணிச்சந்தையில் வரும். ஜக்கெட்டை முதலில் உள்பக்கம் திருப்புங்கள். அக்குளில் தையல் விட்டிருக்கிறதா? சிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். ஒரு தடவை சிக்கினாலும் வைத்துவிடுங்கள். அப்புறம் போட்டுக்கொண்டு, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்துங்கள். முதுகு இழுத்தால் உங்களுக்கு அது ஆகாது. தோள் தையல் உங்கள் தோள் முனையில் நிற்க வேண்டும். கையையும் நீளத்தையும் சுலபமாகக் குறைக்கலாம். தோளைத் திருத்துவது பெரிய வேலை, செலவும் கூட. கடைக்காரர் "இப்போது இதுதான் போகிறது" என்றால் சிரித்துவிட்டு, கொப்பியில் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. புதுசு ஆசையா?

தாராளமாக. சால்வை, தோடு, பை என்று சின்னதாகத் தொடங்குங்கள். சப்பாத்தில் மட்டும் வேண்டாம். வழுக்கும் பாதையில் விளையாட்டு ஆகாது.

5. தையல்காரரிடம்

படம் காட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு நன்றாக அமைந்த பழைய சட்டையையே அளவுக்குக் கொடுங்கள். பிறகு தளர்த்த வசதியாக உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். தீபாவளிக்கு என்றால் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால், நீங்கள் சொல்லும் கையளவு அவர் காதிலேயே விழாது.