100 சிசி பைக்கா? பின்னால் உட்காருபவரோடு ஓட்டிப் பாருங்கள்

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸா, ஹோண்டா ஷைன் 100-ஆ என்று குழம்புகிறவர்கள் மைலேஜை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டுக்கும் 4 கியர்தான், இழுவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஷைன் 99 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, இந்த 13 கிலோ வித்தியாசம் நெருக்கடியான பார்க்கிங்கில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போது நன்றாகவே தெரியும், வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம். டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போகாமல், தினமும் பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப்போய் மேம்பாலம் மாதிரி ஒரு ஏற்றத்தில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், இன்ஜின் திணறுகிறதா, சீட் போதுமா என்பது அப்போதுதான் புரியும்.

அப்புறம் விலை. எக்ஸ் ஷோரூம் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. சாலை வரி, 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு தொகையை இரண்டு ஷோரூமிலும் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கேட்காத ஆக்சஸரீஸ் அதில் இருந்தால் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள்.