பெற்றோருடன் சென்னைக்குக் குடிவருகிறீர்களா? முதல் வாரமே அவர்கள் நடையை அளந்துவிடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ துபாயிலிருந்தோ பெற்றோரோடு சென்னைக்கு வருபவர்களுக்கு முதல் மாதம் கேஸ் இணைப்பு, தண்ணீர் கேன், வாடகை ஒப்பந்தம் என்றே ஓடிவிடும். அதே மாதத்தில்தான் ஊரில் கோயில், கடை என்று நடந்த அப்பா மூன்றாவது மாடி ஃபிளாட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நடை தளர்ந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். விடக் கூடாது. வயதில் உடல் பலம் குறையும் இந்தத் தளர்ச்சியை (frailty) ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பல பேரை மறுபடி தேற்ற முடியும்.

ஃபிளாட் காரிடாரில் இரண்டடி டைல்ஸ் பதித்திருந்தால் பத்து டைல்ஸ் ஏறத்தாழ 6 மீட்டர். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு, "எப்பவும் நடக்கிற மாதிரி நடங்கப்பா" என்று சொல்லி, போனில் நேரம் பாருங்கள். 6 விநாடிக்கு மேல் போனால் முதியோரின் தசை இழப்பைக் கணிக்க ஆசியர்களுக்கென்று 2019-ல் வகுத்த அளவுகோலின்படி அது மெதுவான நடை.

அடுத்தது நாற்காலி. கைப்பிடி இல்லாததைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். நேரத்தோடு, கை தானாகத் தொடையை ஊன்றப் போகிறதா என்றும் பாருங்கள். கால் பலம் குறைவதை அதுவும் காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும். தலைச்சுற்றல், நெஞ்சுவலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை என்றால் வீட்டில் செய்யவே வேண்டாம்.

முயற்சி செய்யாமலே எடை குறைவது, எப்போதும் களைப்பு, பிடி தளர்வது, மெதுவான நடை, நடமாட்டம் குறைவது: இந்த ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி, ஒன்றிரண்டு இருந்தால் அதன் முன்நிலை என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. வேறு உதவிக்கு முதியோர் உதவி எண் 14567. சந்தேகம் இருந்து மருத்துவமனைக்குப் போகும்போது அளந்து எழுதிய தாளோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் பிபி மாத்திரையும்கூட சிலருக்கு நடையைத் தள்ளாட வைக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் கால் பயிற்சி, ராத்திரி வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, சுண்டல், தயிர் என்று புரதம், இரண்டும் சேர்ந்தால் நல்ல பலன். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்று மாதம் கழித்து அதே டைல்ஸில் மறுபடி அளந்து பாருங்கள்.