சாளரங்களைத் தத்தம் மேசைக்கு அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட்: லினக்ஸ் அலுவலகக் கணினிக்கு ஒரு வழிமுறை

சென்னை ராஜாஜி சாலையில் சுங்க இல்லமும் துறைமுகமும் அருகருகே இருப்பதால், தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மண்ணடியின் சந்துகளிலும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அங்கே பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் செய்பவரின் திரையில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம் திறந்த பிரவுசர், இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் உள்ள லிப்ரெஆஃபிஸ் கால்க் விரிதாள் கோப்புகள், மின்னஞ்சல், ஸ்கேன் செய்த பில் ஆஃப் லேடிங் எனப் பல சாளரங்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வொர்க்ஸ்பேஸ் எனப்படும் மெய்நிகர் மேசைகள் நான்கில் இவற்றைப் பிரித்து வைத்தால் வேலை சீராக நடக்கும். ஆனால் கணினியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அவற்றைக் கையால் இழுத்து அடுக்குவது வீண் உழைப்பு. அதை கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பான ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைத்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வழிமுறை, திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இன் அமர்வுக்கு உரியது. அதன் இடத்துக்கு வந்துள்ள வேலண்டில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்தை இப்படி நகர்த்த முடியாது. உபுண்டு 25.10 பதிப்பில் அதன் இயல்பான திரைச் சூழலான க்னோமின் எக்ஸ்11 அமர்வு நீக்கப்பட்டுவிட்டதால், இத்தகைய அலுவலகங்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ சூழல் கொண்ட லினக்ஸ் மின்ட்டையே நான் பரிந்துரைக்கிறேன். அது பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். மேலும், க்னோமில் இயல்பாக மேசைகள் தேவைக்கேற்பக் கூடிக் குறையும். எக்ஸ்எஃப்சிஇயில் நாம் வைத்த எண்ணிக்கை அப்படியே நிற்கும். எண்ணைச் சொல்லி மேசையை அழைக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு இது மிக முக்கியம்.

நமக்கு வேண்டிய கருவியின் பெயர் டபிள்யூ, எம், சி, டி, ஆர், எல் (wmctrl) என்ற ஆறு சிறிய எழுத்துகள்; இங்கே அதை டபிள்யூஎம்கன்ட்ரோல் என்று குறிப்பிடுகிறேன். வழக்கம்போல் சூடோ ஏபிடி இன்ஸ்டால் கட்டளையால் நிறுவிக்கொள்ளலாம். அதன் பின் கழித்தல் குறியுடன் சிறிய டி (d) இட்டால் மேசைகளின் பட்டியல் வரும். இப்போது இருக்கும் மேசைக்கு நேரே நட்சத்திரக் குறி நிற்கும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் நான்காவது மேசையின் எண் 3 என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து, கழித்தல் குறியுடன் எல், எக்ஸ் என்ற இரு எழுத்துகளையும் சேர்த்து இடுங்கள். திறந்திருக்கும் சாளரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கிடைக்கும். 0எக்ஸ்03200007 போன்ற சாளர எண் முதலிலும், மேசை எண் இரண்டாவதாகவும், சாளரத்தின் வகுப்புப் பெயர் மூன்றாவதாகவும், கணினியின் பெயர் நான்காவதாகவும், தலைப்பு கடைசியாகவும் இருக்கும். மேசை எண் கழித்தல் 1 என்றிருந்தால் அச்சாளரம் எல்லா மேசைகளிலும் தெரிவது என்று பொருள்.

இந்த வரியில் எதை நம்புவது என்பதில்தான் ஸ்கிரிப்ட்டின் உறுதி அடங்கியிருக்கிறது. பல வழிகாட்டிகள் தலைப்பை நம்பச் சொல்கின்றன; ஆனால் பிரவுசரில் டேப் மாறினால் தலைப்பும் மாறிவிடும். தலைப்பின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்று கருவி எடுத்துக்கொள்வதாலும், பொருந்தும் முதல் சாளரத்தை மட்டுமே அது நகர்த்துவதாலும், மற்றவை இருந்த இடத்திலேயே கிடக்கும். இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் பிராசஸ் எண்ணும் உதவாது, ஏனெனில் லிப்ரெஆஃபிஸின் எல்லாக் கோப்புகளும் ஒரே பிராசஸில் இயங்குகின்றன. வகுப்புப் பெயர் மட்டும் மாறாது: கால்க் சாளரம் எதுவானாலும் அதன் வரியின் மூன்றாம் இடத்தில் லிப்ரெஆஃபிஸ்-கால்க் என்பது இருக்கும்.

ஆகவே, அந்தப் பட்டியலைக் குழாய்க் குறி (|) வழியாக, வரி வரியாகப் படிக்கும் ஒரு வைல் ரீட் சுழற்சிக்குள் செலுத்தி, ஒவ்வொரு வரியின் முதல் மூன்று சொற்களையும் தனித்தனி மாறிகளிலும் மீதியை நான்காவது மாறியிலும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாறியில் கால்க் என்ற சொல் இருந்தால், முதல் மாறியில் உள்ள சாளர எண்ணைக் கொடுத்து அச்சாளரத்தை மேசை 1-க்கு அனுப்புங்கள். இதற்கு மூன்று விருப்பங்கள் தேவை: கொடுப்பது தலைப்பன்று, எண் என்று சொல்லும் ஐ (i), எந்தச் சாளரம் என்று சொல்லும் சிறிய ஆர் (r), எந்த மேசைக்கு என்று சொல்லும் டி (t). பிரவுசருக்கும் மின்னஞ்சலுக்கும் இதே சுழற்சியில் இன்னும் இரு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும்.

நிரலைத் திறந்த கையோடு நகர்த்த முயன்றால் சாளரம் இன்னும் பிறந்திருக்காது. பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் 10 என்று எழுதிவிடுவது பலரின் வழக்கம். அதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அது போதாது, எஸ்எஸ்டி உள்ள கணினியிலோ வெறுமனே காக்க வைக்கும். அரை விநாடிக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, வேண்டிய வகுப்புப் பெயர் தேடல் கட்டளையான கிரெப்பில் சிக்கும்வரை சுழலும் ஓர் அன்டில் சுழற்சியை எழுதுங்கள். 60 சுற்றுகளுக்குப் பின் கைவிட்டு அடுத்த நிரலுக்குச் செல்லும்படி வரம்பும் வைத்துவிடுங்கள்.

இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடையையும் பெட்டிக் கணக்கையும் சரிபார்ப்பதற்கு மட்டும் தலைப்பு பயன்படும். கால்க்கின் தலைப்பில் கோப்பின் பெயர் இருப்பதால், ஜாப் நம்பரில் தொடங்கி அது எந்த ஆவணம் என்பதில் முடியும்படி கோப்புகளுக்குப் பெயர் வைத்து, அந்த நம்பரை ஸ்கிரிப்ட்டுக்கு முதல் மதிப்பாகக் கொடுக்கலாம். பெரிதாக்கப்பட்ட சாளரம் அளவுக் கட்டளைக்குப் பணியாமல் போகலாம் என்பதால், முதலில் பி (b) விருப்பத்தில் ரிமூவ் என்று சொல்லி நெடுக்கு, கிடை ஆகிய இரு பெரிதாக்கங்களையும் நீக்கிவிடுங்கள். ஒரே முறையில் இரண்டு பண்புகள்வரை அது ஏற்கும். பிறகு, 1920 புள்ளி அகலத் திரையில், இ (e) விருப்பத்தில் இடச் சாளரத்துக்கு 0,0,0,960,1000 என்றும் வலச் சாளரத்துக்கு 0,960,0,960,1000 என்றும் இடைவெளியின்றிக் கொடுங்கள். முதல் எண்ணை 0 ஆகவே விட்டுவிடலாம். மற்றவை முறையே இடப்புறத் தொலைவு, மேற்புறத் தொலைவு, அகலம், உயரம்.

எக்ஸ்டூடூல் என்ற கருவியால் சாளரத்துக்குள் எழுத்துகளையும் தட்ட முடியும். ஆனால் ஐஸ்கேட் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டில் எழுதி வைக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம். அந்தக் கோப்பை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் எஸ் (s) விருப்பத்துடன் 0 கொடுத்தால், எல்லாம் அடுக்கப்பட்ட பின் திரை முதல் மேசைக்குத் திரும்பிவிடும். கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுத்து, எக்ஸ்எஃப்சிஇயின் தொடக்க நிரல்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அத்துடன் விசைப்பலகை அமைப்பில் ஒரு குறுக்குவிசையையும் அதற்கு ஒதுக்குங்கள். நடுப்பகலில் சாளரங்கள் கலைந்துபோனால் அந்த விசையை அழுத்தினாலே போதும்.