முதலில் சோப்பு, அப்புறம் பேச்சு

பள்ளிக்கூடச் சுவரில் 'சுத்தம் சோறு போடும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், அதற்குக் கீழே இருக்கும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கடலூர் ஓ.டி. (துறைமுகம் இருக்கும் பழைய டவுன்) பக்கம் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படித்தான் இருந்தது. சேர்ந்த புதிதில் நானும் தினமும் பிரேயரில் நின்று கை கழுவுங்கள், நகம் வெட்டுங்கள் என்று பேசித் தீர்த்தேன். பிள்ளைகள் 'சரிங்க டீச்சர்' என்று கோரஸாகச் சொல்லிவிட்டு, மதியம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார்கள். அவர்களைச் சொல்லி என்ன, சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நேரமும் கொடுக்கவில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் நேரம். வகுப்பில் 40 பேர், குழாய் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கையை நனைத்து, சோப்புப் போட்டு, தேய்த்து அலச ஒரு நிமிடம் ஆகும், ஆக மொத்தம் 10 நிமிடம். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் முதலில் போன நாலு பேர் ஒழுங்காகக் கழுவுவார்கள், மற்றவர்கள் தண்ணீரைத் தொட்டுவிட்டுச் சத்துணவு வரிசைக்கு ஓடுவார்கள். தலைமையாசிரியரிடம் பேசி 10 நிமிடம் முன்னாலேயே பெஞ்சு பெஞ்சாக அனுப்புங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு டிரம்மும், மோந்து ஊற்ற இரண்டு பெரிய பிள்ளைகளும் போதும்.

அடுத்து சோப்பு. குழாய் திண்டில் வைத்த சோப்பு இரண்டு நாள் தாங்காது. ஒன்று கரைந்துபோகும், இல்லையென்றால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும் (சிரிக்காதீர்கள், எங்கள் பள்ளியில் நிஜமாகவே போனது). குப்பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பழைய வலைத்துண்டு கொண்டுவருவார்கள். அதில் சோப்பைக் கட்டிக் குழாயில் தொங்கவிடுங்கள், வலையோடு தேய்த்தால் போதும். கழிவறைப் பக்கமும் ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும், பெரும்பாலான பள்ளிகளில் விட்டுப்போவது அங்கேதான். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும், கட்டி சோப்பு சீக்கிரம் நுரைக்காது. நுரை வராததால் பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த மாதிரி இடத்தில் திரவ ஹேண்ட்வாஷைத் தண்ணீர் கலந்து பாட்டிலில் வைத்தால் நன்றாக நுரைக்கும்.

இனிமேல்தான் பாடம். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, சோப்புத் தொட்ட விரலை வைத்ததும் தூள் விலகி ஓடுகிற ஒரு வித்தை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் நடப்பது, கிருமி பயந்து ஓடுவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், விரலை லேசாகத் தொட்டாலே போதும் என்றும் நினைப்பார்கள். அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, நீலக்கலர் சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள். அவன் பக்கத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்கட்டும், அவன் அடுத்தவனுக்கு, அப்படியே கதவுப்பிடி, தண்ணீர் டம்ளர், நோட்டு. ஐந்து நிமிடத்தில் நீலக்கலர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர்களே தேடட்டும். ஒருவனை வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், எண்ணெயும் கலரும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புப் போட்டால் போய்விடும். சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், அதனால்தான் பிசுக்கோடு அழுக்கும் கிருமியும் சேர்ந்து கழன்று வருகிறது என்று அப்போது சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். கழுவிய பிறகு கையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டை விரலிலும் நகக்கண்ணிலும் கலர் மிச்சம் இருக்கும். தினமும் எந்த இடத்தை விட்டுவிடுகிறோம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

20 நொடி தேய்க்க வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு அளவு தெரியாது. நான் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்வேன். நிதானமாகச் சொன்னால் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும், கணக்கு சாருக்கும் சந்தோஷம்.

நகம் பார்க்க வெள்ளிக்கிழமையை வைக்காதீர்கள். செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டக்கூடாது என்று வீட்டில் பாட்டி சொல்வார், நாம் அங்கே போய்ச் சண்டை போட முடியாது. திங்கள்கிழமை பாருங்கள், ஞாயிறு வெட்டிவிட்டு வரட்டும். பார்க்கும்போது ஸ்கேலால் அடிப்பது, எழுப்பி நிறுத்துவது எல்லாம் வேண்டாம்.

இந்த மானம் போகிற விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடியற்காலையில் துறைமுகத்தில் அப்பாவுக்கு வலை பிரிக்க உதவிவிட்டு நேராகப் பள்ளிக்கு ஓடிவருகிற பையன் மேல் மீன் வாடை அடிக்கத்தான் செய்யும். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினால் அவன் அடுத்த நாள் வரமாட்டான். 'சிலர் குளிக்காமல் வருகிறார்கள்' என்று பொதுவாகச் சொன்னாலும் நாற்பது தலையும் அவன் பக்கம்தான் திரும்பும். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பள்ளியிலேயே ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மணிக்கு முன்னால் பின்பக்கக் குழாயில் கைகாலைக் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்வான். வேறு யாருக்கும் தெரியாது.

பேனும் அப்படித்தான். சுத்தமான தலைக்கும் பேன் வரும், தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தாலே ஏறிவிடும். பேன் இருக்கிற பெண்ணைத் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வரச் சொன்னால் போதும். மண்ணெண்ணெய் தேய்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். மருந்து போட்டாலும் ஈர் தப்பிவிடும், அது பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் மருந்துக் கடையில் சொல்கிறபடி இரண்டாம் தடவையும் போட வேண்டும். நடுவில் ஈரத்தலையில் பேன் சீப்பால் வாரிக்கொண்டே இருக்கட்டும்.

மாதவிடாய் பற்றிப் பெண் ஆசிரியர் பேசுவது நல்லது, ஆறாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள், ஏழு எட்டு வரை காத்திருந்தால் சிலருக்குத் தாமதமாகிவிடும். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், துணி என்றால் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வேண்டும், கொல்லையில் மறைத்து நிழலில் போட்டால் ஈரம் போகாது. ஆனால் கழிவறைக் கதவில் தாழ்ப்பாளும், மூடி போட்ட குப்பைக்கூடையும் இல்லாமல் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவசரத்துக்கு நாலு நாப்கின் உங்கள் மேஜை டிராயரில் இருக்கட்டும், கேட்கிற பெண் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லிவையுங்கள்.

பல் விஷயத்தில் காலையை விட்டுவிடுங்கள், எல்லோரும் எப்படியோ தேய்த்துவிடுகிறார்கள். ராத்திரி தேய்க்க வைப்பதுதான் வேலை. குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல், பள்ளியில் கொடுக்கும் நாளில் மென்று சாப்பிட வைத்து அனுப்புங்கள், கையில் கொடுத்தால் பாதி ஜன்னல் வழியாகப் போய்விடும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் நம் ஊரில் தெருவே குளம். அக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினம், அந்த வாரத்திலேயே கால் சுத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தே வருகிற பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், புண் இருக்கிற காலோடு எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு சோப்பு. துண்டு மட்டும் பொதுவாக வைக்காதீர்கள், படர்தாமரை வகுப்பு முழுக்கப் பரவிவிடும், ஆளுக்கொரு பழைய காட்டன் துணியைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். விரலிடுக்கு காய்கிற வரை ஷூவை மாட்டச் சொல்லாதீர்கள், முதல் பீரியட் வெறுங்காலோடு உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.