டெக்சஸ் ரிக் கோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிப்பவர்கள் பிளாஸ்டிக் புழுவைத் தூண்டில் முள்ளில் கோக்கப் பெரும்பாலும் முதலில் பழகுவது டெக்சஸ் ரிக் என்ற முறைதான். முள்முனை புழுவுக்குள் ஒளிந்திருப்பதால் நீர்ச்செடிகளிலும் மூழ்கிய கிளைகளிலும் அவ்வளவாகச் சிக்காது.

இதில் மீனை அதிகம் இழக்கவைப்பது கோணலாகக் கோத்த புழு. இழுக்கும்போது அது சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கேறும். முள்முனையை மூக்கின் நடுவில் குத்தி, கால் அங்குலம் போனதும் அடிப்பக்கமாக வெளியே எடுங்கள். நரம்பு கட்டும் முள்ளின் காது மூக்கருகே வரும்வரை இழுத்து, முனை புழுவைப் பார்க்கும்படி அரைச்சுற்று திருப்புங்கள். இனி அவசரம் கூடாது. முள்ளைப் புழுவின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, வளைவு எந்த இடத்தில் படுகிறதென்று பார்த்து, அங்கேயே குத்துங்கள். வால் பக்கம் தள்ளிப்போனால் புழு கூன் விழும். தலைப் பக்கம் வந்தால் இழுபட்டு மூக்கு கிழியும். முனையை மறுபுறம் முழுதும் வெளியே கொண்டுவந்து, மேல்தோலில் மட்டும் லேசாகச் செருகுங்கள். உடலுக்குள் ஆழமாகப் புதைத்தால், மீன் கடித்ததும் நீங்கள் வெட்டி இழுக்கும் வேகம் பிளாஸ்டிக்கைக் கிழிப்பதிலேயே போய்விடும். தூக்கி எறியுமுன் கரையோரத் தண்ணீரில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சுழன்றால் கழற்றி மறுபடி கோக்க வேண்டியதுதான்.

முள் அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஏழு அங்குல மெல்லிய புழுவுக்கு, காதருகே தண்டு மடிந்திருக்கும் ஆஃப்செட் முள்ளில் 3/0 அளவு, பத்து அங்குலத்துக்கு 5/0 (முதல் எண் கூடினால் முள் பெரிது). தடித்த உடலுள்ள பிளாஸ்டிக் நண்டு வகைக்கு 4/0 அகலவாய் முள். மீன் கடிக்கும்போது பிளாஸ்டிக் நசுங்கி ஒதுங்க முள்ளின் வாயில் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் முனை மீனை எட்டாது.

புழுவுக்கு முன்னால் நரம்பில் ஓடும் தோட்டா வடிவ ஈய எடையைத் தலைகீழாகக் கோப்பவர்களும் உண்டு. கூர்ப்பக்கம் தூண்டில் கோலைப் பார்க்க வேண்டும். தட்டைப்பக்கம் முன்னே போனால் கண்ட கிளையிலும் மாட்டும். ஆழம் குறைந்த இடத்தில் 1/8 முதல் 1/4 அவுன்ஸ் போதும். அதற்கு மேல் போட்டால் புழு கல்லாக விழும். அடர்ந்த களைக்குள் ஈயம் தனியே நழுவி, புழு மேலேயே தங்கிவிடும். அங்கே நரம்பில் மாட்டும் சிறு ரப்பர் ஸ்டாப்பரால் ஈயத்தைப் புழுவோடு நெருக்கி நிறுத்துங்கள். திறந்த நீரில் அது வேண்டாம். ஈயம் விலகி ஓடினால்தான் புழு மெதுவாக மிதந்து இறங்கும்.

இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் என்ற, ரப்பர்போல நீளும் பொருளால் ஆன புழுக்களைச் சாதாரண பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். இரண்டும் வினைபுரிந்து உருகி ஒட்டிக்கொள்ளும். எலாஸ்டெக்கை அது வந்த பையிலேயே வைத்திருங்கள்.