லிஸ்ட்டின் வாலில் ஒட்டாதீர்கள்: ரிகர்ஷன் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எலிக்சர் என்ற நிரல்மொழியில் எழுதிய கோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரியில் ஒரு ++ இருந்தது, அதாவது ஒரு லிஸ்ட்டின் வாலில் இன்னொன்றை ஒட்டும் குறி. பார்த்ததுமே பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. "அண்ணா, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது" என்றார். ஆகும். ஏழு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு வரியை எழுதிவிட்டு, டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்த திருப்தியில்தான் நானும் வீட்டுக்குப் போனேன்.

ரிகர்ஷனில், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்து வேலையை முடிக்கும் முறையில், நிற்கும் நிபந்தனையை விட்டுவிடுவது, ரிட்டர்ன் எழுத மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைக் கம்ப்யூட்டரே பத்து நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் தவறுகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒவ்வொரு அழைப்பாக உள்ளே இறங்கிப் பார்ப்பது

ரிகர்ஷன் புரியவில்லை என்று வருபவரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பக்கம் முழுக்க அம்புக்குறிகள் இருக்கும். முதல் அழைப்பு, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. நாலாவது படியில் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். நானும் இப்படி ஒரு முழு நோட்டைத் தீர்த்திருக்கிறேன்.

கூட்டு([3, 5, 2]) என்பது 3 + கூட்டு([5, 2]). இதில் கூட்டு([5, 2]) எப்படி 7-ஐக் கொண்டுவருகிறது என்று பார்க்கப் போகாதீர்கள். அது 7 தரும் என்று வைத்துக்கொண்டு, 3 + 7 சரியா என்று மட்டும் பாருங்கள். காலி லிஸ்ட்டுக்கு 0 வருகிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, கணிதத் தொகுத்தறிதல், அதே சங்கதிதான் இது.

ஃபிபனாச்சியோடு நின்றுவிடுவது

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் 30-வது எண்ணுக்கு 26,92,537 அழைப்புகள் ஆகும். 40-வதுக்கு 33 கோடியைத் தாண்டும். இதைப் பார்த்துவிட்டு "ரிகர்ஷன் என்றாலே மெதுவு" என்று முடிவுகட்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டதால் வந்த வினை அது. கடைசி இரண்டு எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகிற மாதிரி எழுதினால் 40-க்கு ஏறக்குறைய 40 அழைப்புதான். அதுவும் ரிகர்ஷன்தான்.

லிஸ்ட்டின் வாலில் ஒட்டுவது

என் வயிற்றெரிச்சல் இதுதான்.

எலிக்சர், எர்லாங், ஹாஸ்கல், லிஸ்ப் இவற்றில் லிஸ்ட் என்று சொல்வதும் பைத்தானில் லிஸ்ட் என்று சொல்வதும் வேறு வேறு பொருள்கள். பெயர் ஒன்றாகப் போனதுதான் கோளாறு. பைத்தானில் இருப்பது வரிசையாகப் போட்ட நாற்காலிகள். கடைசியில் இன்னொன்று போடுவது சுலபம். எலிக்சரில் இருப்பது துண்டுச்சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மதிப்பும், அடுத்த சீட்டு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். கடைசிச் சீட்டில் குறிப்புக்குப் பதிலாக 'முடிந்தது' என்று எழுதியிருக்கும். ஒரு முறை எழுதிய சீட்டை அப்புறம் யாரும் திருத்தக் கூடாது.

முன்னால் ஒரு மதிப்பைச் சேர்க்க வேண்டுமா? புதிதாக ஒரு சீட்டு எழுதி, 'அடுத்தது அந்தப் பழைய முதல் சீட்டு' என்று குறித்தால் வேலை முடிந்தது. பின்னால் சேர்க்க வேண்டுமா? கடைசிச் சீட்டில் உள்ள 'முடிந்தது' என்பதை மாற்றியாக வேண்டும். திருத்தக் கூடாதே, அதனால் அந்தச் சீட்டை வேறு இடத்தில் புதிதாக எழுத வேண்டும். அதற்கு முந்தைய சீட்டு இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது. சரி, அதையும் புதிதாக எழுது. அதற்கும் முந்தையது? அதையும். இப்படியே முதல் சீட்டு வரை வந்து நிற்கும். ++ இந்த வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்கிறது. அதன் இடது பக்கத்தில் இருக்கும் லிஸ்ட்டை முழுசாக நகலெடுக்கிறது.

இப்போது ஒரு லிஸ்ட்டைத் தலைகீழாகத் திருப்ப, நான் படித்த அறிமுகப் பாடத்தில் இருந்த அழகான வரியைப் பாருங்கள் ([தலை | வால்] என்றால் முதல் மதிப்பும் மீதி லிஸ்ட்டும்):

திருப்பு([தலை | வால்]) = திருப்பு(வால்) ++ [தலை]

திருப்பு([4, 7, 1, 9]) என்று கொடுத்தால் உள்ளிருந்து வெளியே இப்படி நடக்கும்:

[] ++ [9] : நகல் 0
[9] ++ [1] : நகல் 1
[9, 1] ++ [7] : நகல் 2
[9, 1, 7] ++ [4] : நகல் 3

நாலு மதிப்புக்கு 6 நகல். பத்துக்கு 45. டெஸ்ட்டில் பத்து பதினைந்துக்கு மேல் யார் போடுகிறார்கள்? ஆயிரத்துக்கு 4,99,500. மூன்று லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 4,500 கோடி.

மூன்று லட்சம் என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. அன்றைய பணப் பரிவர்த்தனைகளை எல்லாம் இரவில் சரிபார்த்து, காலையில் அறிக்கை கொடுக்கிற புரோகிராம் என்னுடையது. சாதாரண நாளில் சில ஆயிரம் வரிகள்தான் வரும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மாதக் கடைசியில் மூன்று லட்சம் வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி நானே வைத்திருந்தேன். அது நின்றது, ஆரம்பித்தது, நின்றது, ஆரம்பித்தது. விடியும் வரை இதே கதை. காலையில் அறிக்கை இல்லை.

நான் என்ன செய்தேன்? டேட்டாபேஸ்தான் மெதுவு என்று அடித்துச் சொன்னேன். இன்டெக்ஸ் போட்டேன். சர்வருக்கு மெமரி கூட்டித் தரச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினேன், அவரும் கூட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், எர்லாங்கில் பழுத்த அக்கா ஒருவர் என் திரையைப் பார்த்தார். ++ மேல் விரலை வைத்து, "இதுக்கு இடது பக்கம் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

மாற்றம் இரண்டு வரிதான். கையில் ஒரு கூடையை வைத்துக்கொள்ள வேண்டும், கிடைப்பதையெல்லாம் அதன் முன்னால் போட வேண்டும்:

திருப்பு([தலை | வால்], கூடை) = திருப்பு(வால், [தலை | கூடை])
திருப்பு([], கூடை) = கூடை

[4, 7, 1, 9] என்பது [4], [7, 4], [1, 7, 4], [9, 1, 7, 4] என்று வளர்கிறது. நாலு புதுச் சீட்டு, ஒரு நகலும் இல்லை. பழைய வரிசையே வேண்டும் என்றால், முன்னால் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு தடவை திருப்பிக்கொள்ளலாம். என் இரவு வேலை அன்றைக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. கூட்டிய மெமரியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சூடுபட்ட பிறகு நான் எதிர்ப்பக்கம் ஓடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா ஃபங்ஷனிலும் கூடை. அதற்கும் அவசியமில்லை. ஒவ்வொரு மதிப்பையும் மாற்றி அதே வரிசையில் புது லிஸ்ட் வேண்டுமென்றால், [மாற்று(தலை) | மீதி(வால்)] என்று நேராக எழுதலாம் (மீதி என்பது இதே ஃபங்ஷனின் பெயர்தான்). இதில் முன்னால் சேர்ப்பது மட்டும்தான் நடக்கிறது. கூடை வைத்து எழுதினால்தான் வேகம் என்ற நம்பிக்கையை எர்லாங் ஆவணமே கட்டுக்கதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே போல, ++-க்கு இடது பக்கம் இரண்டு மூன்று மதிப்புதான் என்றால் தாராளமாகப் போடலாம், பாவமில்லை.

பைத்தானில் பழகுபவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். முதல் மதிப்பை எடுத்துக்கொண்டு, மீதியை வெட்டி அடுத்த அழைப்புக்கு அனுப்புவீர்களே, அந்த வெட்டு மீதி முழுவதையும் நகலெடுக்கிறது. அங்கே வாலில் ஒட்டுவதில் பிடுங்கல், இங்கே தலையை வெட்டுவதில். வெட்டாமல், எத்தனையாவது இடம் என்ற எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

ஆழத்தின் வரம்பை ஏற்றி வைப்பது

பைத்தான் இயல்பாக 1000 அழைப்பு ஆழத்தில் நிறுத்திவிடும். உடனே ஆரம்பநிலைக்காரர்கள் வரம்பைப் பத்து லட்சமாக ஏற்றுகிறார்கள். பழைய வெர்ஷன்களில் இப்படிச் செய்தால் ஒழுங்கான பிழைச்செய்தி கூட இல்லாமல் புரோகிராமே சரிந்து விழும். அங்கே நீளமான லிஸ்ட்டுக்கு லூப் எழுதுங்கள். மரம் போன்ற அமைப்புகளுக்கு, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் மாதிரியானவற்றுக்கு, ரிகர்ஷனை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரை ஆயிரம் ஆழத்துக்கு அடுக்கி வைக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேப்பை வைத்து அச்சடிப்பது

லிஸ்ட்டின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவதுதான் மேப். பைத்தான் 3-இல் மேப்புக்குள் பிரிண்ட் போட்டால் திரையில் ஒன்றும் வராது. மதிப்பை யாராவது கேட்கும் வரை மேப் சும்மா இருக்கும்.

மோனாட்

ஹாஸ்கலில் வேலைகளை ஒன்றோடொன்று கோக்க உதவும் ஒரு கருத்து இது. முதல் ஆறு மாதம் வேண்டாம்.

டெயில் கால் எங்கேயும் உண்டு என்று நம்புவது

ஃபங்ஷனின் கடைசி வேலை இன்னொரு அழைப்பாக இருந்தால், பழைய அழைப்பின் இடத்தையே அதற்குக் கொடுத்துவிடலாம், ஸ்டாக் (முடியாத அழைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) வளராது. லிஸ்ப் வகை மொழியான ஸ்கீமின் தர வரையறை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எர்லாங், எலிக்சரிலும் உண்டு. பைத்தானில் இல்லை. அது வேண்டாம் என்று பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2009-லேயே எழுதிவிட்டார். பிழை வரும்போது அழைப்புகளின் தடம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட்டின் 2015 வரையறையில் இருக்கிறது, ஆனால் பெரிய பிரவுசர்களில் சஃபாரி மட்டும்தான் செய்து காட்டியது. காகிதத்தில் இருப்பதை நம்பிக் குரோமில் லட்சம் ஆழம் போனால் ஸ்டாக் நிரம்பிய பிழைதான் மிச்சம்.

ஜாவா புரோகிராம்களை ஓட்டும் மெஷினும் இதைத் தருவதில்லை. அதன் மேல் ஓடும் கிளோஜர் மொழியில், ரீகர் என்று நாமே வெளிப்படையாக எழுத வேண்டும். கடைசி இடத்தில் இல்லாத அழைப்புக்கு அதை எழுதினால் கம்பைலர் அங்கேயே மறுத்துவிடும். ஸ்காலாவில் ஃபங்ஷனுக்கு மேல் டெயில்ரெக் என்று குறித்தால் அதே காவல் கிடைக்கும். ஸ்காலா எழுதும் நாட்களில் நான் முதலில் அந்தக் குறிப்பைப் போட்டுவிட்டு அப்புறம்தான் ஃபங்ஷனின் பெயரையே தட்டுகிறேன்.