பிசியோ மாணவர்களைக் கிராம முகாமுக்கு அழைத்து வருகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூர்க் கல்லூரியிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிசியோதெரபி மாணவர்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்குத் தன்னார்வ முகாம் என்று அழைத்து வருபவர்கள் செய்யும் முதல் தவறு, தலை எண்ணுவது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் 150 பேர்கூட வந்து நிற்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் விவரம் கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, அவரையே செய்துகாட்டச் சொல்லிச் சரிபார்க்க 25 நிமிடம் ஆகும். 6 மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தால் 3 ஜோடி. 3 மணி நேரத்தில் ஒரு ஜோடி 7 பேரைப் பார்க்கும். மொத்தம் 20 சொச்சம், அவ்வளவுதான். டோக்கனும் அவ்வளவே கொடுங்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியரால் 3 ஜோடிக்கு மேல் கண்காணிக்கவும் முடியாது. மீதிப் பேரைத் திருப்பி அனுப்ப மனசு வராதுதான். அவர்களுக்கு அபாய அறிகுறி இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு ஆசிரியர் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்லலாம்.

அபாய அறிகுறி என்றால்: படுத்தாலும் தணியாத இரவு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சலோடு முதுகில் புதிதாகக் கூன் விழுவது (முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்), சிறுநீர் தெரியாமல் போவது, இரண்டு தொடைகளுக்கு இடையே உணர்ச்சி மரத்துப்போவது. கடைசி இரண்டும் இருந்தால் அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இறுகிய கழுத்தை மாணவர் கையில் விடுவது

இந்தப் பகுதியில் மிக ஆபத்தான தவறு இதுதான். இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தருமபுரிக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் மாணவருக்குத் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் வருடக்கணக்கில் போர் தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பில் ஏற்பட்ட மாற்றம் தண்ணீர் மாறியதும் மறைந்துவிடாது. லிகமென்டுகளில் (எலும்புகளை இணைக்கும் நார்களில்) சுண்ணாம்பு படிந்து முதுகெலும்பு விறைத்துப்போகும். தண்டுவடக் கால்வாயும் குறுகும். பார்ப்பதற்குச் சாதாரணக் கழுத்துப் பிடிப்பு மாதிரியே இருக்கும். மூன்றாம் ஆண்டில் மேனிபுலேஷன் (மூட்டைக் கையால் சட்டென்று சொடுக்குவது) படித்துவிட்டு வந்த மாணவருக்குக் கை துறுதுறுக்கும். அங்கே ஒரு சொடுக்குப் போட்டால், ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கும் தண்டுவடம் அடிபட்டு நிரந்தரமாகக் கால் விழுந்துபோகலாம். அந்த எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் உறுதியானது அல்ல.

அதனால் கழுத்து, முதுகு என்று யார் வந்தாலும் முதலில் மூன்று சோதனைகள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலிருக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்லுங்கள். தாடையால் நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, பிறகு மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் அடுத்து ரிஃப்ளெக்ஸ்: முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறி உதறுகிறதா, உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்கிறதா, நடை விறைப்பாக இருக்கிறதா. இருந்தால் மேனிபுலேஷன் கிடையாது, டிராக்ஷன் (கழுத்தை, முதுகை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை) கிடையாது, எக்ஸ்ரேயோடு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுப்பது மட்டுமே வேலை.

பல்லைப் பார்த்து முடிவு செய்யவும் விடாதீர்கள். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் பல்லில் பழுப்புக் கறை விழும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 30 வருடம் ஆன பெண்ணுக்குப் பல் வெள்ளையாகவும் முதுகு கட்டையாகவும் இருக்கலாம்.

மெஷினும் தெராபேண்டும்

வலிக்கு லேசான மின்சாரம் வைக்கும் டென்ஸ், ஒலியலை வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷின்களை வண்டியில் ஏற்றி வருவது வீண். ஒரு நாள் கரண்ட் வைத்தால் அன்று சாயங்காலம் வரை சுகமாக இருக்கும். மறுநாள் வலி வரும், மெஷின் வராது. ரிஃப்ளெக்ஸ் சுத்தியல், மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கக் கோனியோமீட்டர், டேப், பிபி மெஷின், சர்க்கரை நோயாளியின் பாத உணர்ச்சியைப் பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் (நைலான் இழை), இரண்டு பாய், மறைப்புக்கு நான்கு பழைய சேலை போதும். பெண்கள் முதுகைக் காட்ட வேண்டியிருந்தால் மறைப்புக்குள் மாணவிகள் மட்டும்.

பயிற்சி சொல்லும்போது நாற்காலி, கட்டில், தெராபேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) என்று ஆரம்பிப்பது அடுத்த கோளாறு. வீட்டில் என்ன இருக்கிறது என்று மாணவர் முதலில் கேட்க வேண்டும். திண்ணை இருக்கிறதா, என்ன உயரம்? முழங்கால் தேய்மானத்துக்கு, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து 5 விநாடி அழுத்துவது 10 தடவை, திண்ணையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 தடவை, காலையும் மாலையும். ஒருவருக்கு இரண்டு பயிற்சிக்கு மேல் வேண்டாம், ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது. “குந்தாதீங்க, வெயிட் தூக்காதீங்க” என்று ராகிக் காட்டில் களை எடுக்கும் அம்மாவிடம் சொல்வது சும்மா வாய்ப்பேச்சு. களையெடுக்கத் தாழ்ந்த மணை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா, 15 லிட்டர் குடத்தைப் பாதிப் பாதியாக இரண்டு நடை எடுக்கலாமா, இடுப்பை மாற்றி மாற்றி வைக்கலாமா என்று பேசினால் கேட்பார்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பதைவிட, எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று கேட்டால் சரியான பதில் வரும்.

பக்கவாதம் வந்தவரின் வீட்டில், விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பவோ தலைக்குமேல் கப்பி கட்டி இழுக்கவோ மாணவர் சொல்லிக்கொடுத்தால் உடனே நிறுத்துங்கள். தசைப் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு அதில் இறங்கிவிடும், வலி மாசக்கணக்கில் நிற்கும். மூளைப் பக்கவாதக் குழந்தையின் தாயிடம் “நடந்துடுவான்” என்று வாக்குக் கொடுப்பதும் அப்படித்தான். மாணவர் கிளம்பிவிடுவார், அந்தத் தாய் காத்திருப்பாள்.

எப்போது குறுக்கிடுவது

மாணவர் திணறியதும் ஆசிரியர் கையை வைத்துத் தானே செய்துவிடுவது பெரும்பாலானோர் பழக்கம். மாணவரின் முகத்தை அல்ல, கைகளைப் பார்க்கும்படி நில்லுங்கள். கழுத்தில் விசை, விழப்போகும் நோயாளி, தவறான வாக்குறுதி: இந்த மூன்றுக்கும் உடனே குறுக்கிடலாம். மற்றதற்குப் பொறுத்திருந்து, நோயாளி போனபின் தனியாகச் சொல்லுங்கள். நோயாளி எதிரில் திருத்தினால் அவர் அந்தப் பயிற்சியையே நம்ப மாட்டார். வெளிநாட்டு மாணவர் எந்த ஆண்டில் படித்தாலும், நம் பதிவுபெற்ற பிசியோ பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம், தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. கிராம சுகாதார செவிலியரை முன்கூட்டியே உதவிக்குக் கேளுங்கள். அந்தக் காட்டோரக் கிராமங்களில் ராகி முற்றும் பருவத்தில் யானைகள் இறங்கும். வீடு வீடாகப் போகும் வேலையை இருட்டுவதற்குள் முடித்து வண்டி ஏறிவிட வேண்டும்.

பார்த்தவர்களை யாரிடமும் ஒப்படைக்காமல் கிளம்புவதற்கும் இங்கே சாக்கு இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பது அதில் அடக்கம். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே வட்டார பிசியோவிடம் பேசி வையுங்கள். கிளம்பும் அன்று ஒரு தாள்: பெயர், தெரு, பிரச்சினை, சொல்லிக்கொடுத்த பயிற்சி, செய்யக் கூடாதது, அடுத்து யார் எப்போது பார்க்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் தாளை வாங்காதீர்கள். மாணவரிடமே திருப்பிக் கொடுங்கள்.